நிலமும் தேயுமோ? குத்தகை நீட்டிப்புக் கணக்கின் வரலாறு

இயந்திரம் தேயும், வண்டி துருப்பிடிக்கும், கட்டடம் ஒரு நாள் இடியும். நிலம் மட்டும் நிற்கும். தலைமுறை தலைமுறையாக நம்மவர் கொண்டுள்ள நம்பிக்கை இது. ஆயினும், கிள்ளான் பள்ளத்தாக்கில் நிலம் வைத்திருக்கும் ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோர், இயந்திரத்துக்கு எழுதப்பட்டிருப்பது போலவே நிலத்துக்கும் தேய்மானம் எழுதப்பட்டிருப்பதைப் பல இடங்களில் காண்பர். இஃது அச்சுப் பிழையன்று. மண் தேய்வதில்லை, மண்ணின்மேல் கம்பெனிக்குள்ள உரிமை தேய்கிறது. 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற நிலத்தில் ஓராண்டு கழிந்தால், உரிமையில் தொண்ணூற்றொன்பதில் ஒரு பங்கு கழிந்துவிடுகிறது.

இனி, காலம் முடியுமுன் அக்குத்தகை நீட்டிக்கப்படுகிறது என வைத்துக்கொள்வோம். கழிந்த ஆண்டுகள் மீண்டும் முளைக்கின்றன. அந்த முளைப்பைக் கணக்கேடு எப்படி எழுதும்? நீட்டிப்புக் கிடைத்த நாளிலா, கிடைக்கும் என்று நம்பிய நாளிலா, பணம் கட்டிய நாளிலா? சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு உலகம் பல விடைகளைக் கூறி வந்துள்ளது. அவ்விடைகளின் பின்னே பங்குதாரரின் முதலும், தோட்ட மக்களின் குடியிருப்பும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் நிற்கின்றன. ஆதலின் இவ்வரலாறு கணக்கர்க்கு மட்டும் உரியதன்று.

சிலாங்கூர் நிலமும் குத்தகை ஆண்டும்

1874-இல் சிலாங்கூர் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் ஆலோசனைக்கு உட்பட்டது. அக்காலத்தில் காட்டை வெட்டித் திருத்தியவனே நிலத்தை ஆள்வது மலாய் வழக்கமாக இருந்தது. வெளிநாட்டு முதலைக் கொணர்ந்து காப்பியும் பின்னர் ரப்பரும் பயிரிட விரும்பியோர்க்கு வழக்கம் போதவில்லை. எழுத்துப் பத்திரம் தேவைப்பட்டது. 1889 முதல் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த வில்லியம் மேக்ஸ்வெல், தென் ஆஸ்திரேலியாவில் 1858-இல் ராபர்ட் டாரன்ஸ் வகுத்த பதிவு முறையை இங்கும் நாட்ட முயன்றவர்களுள் தலையாயவர். அம்முறையின் உட்பொருள் எளிது: அரசின் பதிவேட்டில் எழுதியிருப்பதே உரிமை, பதிவேட்டில் இல்லாதது உரிமையன்று. 1891-இல் சிலாங்கூரிலும், 1897-இல் கூட்டு மலாய் மாநிலங்களிலும் இதற்கான சட்டங்கள் எழுந்தன.

ரப்பர் தோட்டங்கள் பலவும் நிரந்தரப் பட்டா பெற்றே உருவாயின. ஆண்டுதோறும் நிலவரி கட்டினால் போதும். உரிமைக்கு முடிவு நாள் இல்லை. 1910-இல் ரப்பர் விலை ஏறியபோது இலண்டனில் பங்கு திரட்டிய தோட்டக் கம்பெனிகளுக்கு, நிலம் என்பது ஐந்தொகையில் அசையாது நிற்கும் ஓர் எண். அன்றைய கணக்கேட்டில் குத்தகை நீட்டிப்பு என்னும் சிக்கலுக்குப் பெரிதும் இடமிருக்கவில்லை.

நிலைமை மாறியது விடுதலைக்குப் பின்னராகும். 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் 1.1.1966 முதல் நடைமுறைக்கு வந்தது. அரசு நிலத்தைத் தனியாருக்கு அளிக்கும்போது 99 ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு அளிப்பது பொது விதியாயிற்று. நிரந்தரப் பட்டா தனிக் காரணங்களுக்கென ஒதுக்கப்பட்டது. காலம் முடிந்தால் நிலம் மாநில அரசுக்கே திரும்பும். பெட்டாலிங் ஜெயா போன்ற புதிய நகரங்களின் மனைகளும் தொழிற்சாலை நிலங்களும் பெரும்பாலும் குத்தகை நிலங்களே. நிலம் மாநிலத்தின் பொருள் என்பது மலேசிய அரசியலமைப்பின் ஏற்பாடு. ஆதலின் கிள்ளானில் உள்ள நிலத்துக்குச் சிலாங்கூர் அரசை நாடவேண்டும், 1.2.1974-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனதால், பிரிக்பீல்ட்ஸ் நிலத்துக்குக் கூட்டரசை நாடவேண்டும். பழைய கிள்ளான் சாலை வழியே ஒரே நாளில் போய்வரக்கூடிய இரு ஊர்கள். நிலத்தின் மேலாளரோ இருவர்.

மூன்று சான்றுகள்

குத்தகையைப் புதுப்பிக்கும் சிக்கல் மலேசியாவில் பிறந்ததன்று. மலபாரில் காணம் என்னும் நிலமுறை நெடுங்காலம் வழங்கியது. காணக்காரன் நிலவுடைமையாளனான ஜன்மிக்கு முன்பணம் கொடுத்து நிலத்தைப் பெறுவான். வழக்கமான காலம் 12 ஆண்டு. அது முடிந்ததும் கட்டணம் செலுத்திப் புதுப்பிக்கவேண்டும். அதற்குப் பொளிச்செழுத்து என்று பெயர். ஜன்மி மறுத்து, வேறொருவனுக்கு மேற்சார்த்து எழுதிக் கொடுத்துவிட்டால், தென்னையும் கமுகும் வைத்து வளர்த்தவன் வெளியேற நேரும். இக்குறையை வில்லியம் லோகன் 1880-களில் விரிவாக ஆராய்ந்தார். 1887-இல் குடியானவன் செய்த மேம்பாட்டுக்கு இழப்பீடு தரும் சட்டமும், பின்னர் 1930-இல் மலபார் குடிவாரச் சட்டமும் நடைமுறைக்கு வந்தன. புதுப்பித்தல் உரிமையா, சலுகையா என்பதே அங்கு எழுந்த வழக்கு. பிற்காலத்தில் கணக்கியல் கேட்கப்போகும் கேள்வியும் அதுவே.

இரண்டாவது சான்று பெரியாறு. 29.10.1886-இல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே ஏற்பட்ட பத்திரத்தின்படி, அணைக்கும் நீர்த்தேக்கத்துக்குமான 8,000 ஏக்கர் நிலம் 999 ஆண்டுக்குக் குத்தகையாயிற்று. ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1970-இல் தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட உடன்பாட்டில் வீதம் 30 ரூபாய் ஆயிற்று. இங்கே காலம் மாறவில்லை, வாடகை மாறியது. குத்தகையில் காலம் வேறு, வாடகை வேறு என்பதை இச்சான்று தெளிவாக்கும்.

மூன்றாவது சான்று தோட்டத் தமிழர் நெஞ்சைத் தொடுவது. திருநெல்வேலி மாவட்டத்துச் சிங்கம்பட்டி ஜமீன், 1929-இல் ஏறத்தாழ 8,374 ஏக்கர் மலைக்காட்டைப் பம்பாய் பர்மா வாணிபக் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகையாக அளித்தது. அங்கே எழுந்ததுதான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம். ஜமீன் ஒழிப்புக்குப் பின் நிலம் அரசுடையதாயிற்று. குத்தகை மட்டும் தொடர்ந்தது. அதன் முடிவு ஆண்டு 2028. அந்த ஆண்டு வருமுன்னரே, 2024-இல், கம்பெனி தொழிலாளர்க்கு விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்டத்தை விட்டு நீங்க முற்பட்டது. நான்கைந்து தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள், தாம் குடியிருந்த வீடும் அக்குத்தகை ஆண்டுகளுள் அடங்கியதே என்பதை அப்போது உணர்ந்தன.

பழைய கணக்கேடு

குத்தகை நிலத்தைக் கணக்கர் முதலில் எழுதிய முறை நேரானது. ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிள்ளானில் ஒரு கம்பெனி 9,90,000 வெள்ளி கொடுத்து 99 ஆண்டுக் குத்தகை நிலம் பெறுகிறது. ஆண்டுக்கு 10,000 வெள்ளி இலாப நட்டக் கணக்கில் செலவாக எழுதப்படும். 79 ஆண்டு கழிந்தபின், எஞ்சிய 20 ஆண்டுக்கு ஐந்தொகையில் 2,00,000 வெள்ளி நிற்கும். அப்போது அரசு 15,00,000 வெள்ளி பிரீமியம் பெற்றுக்கொண்டு, அன்று முதல் 99 ஆண்டாகக் காலத்தை நீட்டுகிறது. பழைய எச்சமும் புதிய பிரீமியமும் சேர்ந்து 17,00,000 வெள்ளி. அதனை 99-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 17,172 வெள்ளி. பழைய எச்சத்தை ஒரே நாளில் நட்டமாக எழுதுவதும் தவறு. புதிய பிரீமியத்தை ஒரே ஆண்டின் செலவாக எழுதுவதும் தவறு. இரண்டும் இனி வரும் ஆண்டுகளுக்குப் பயன் தருவன. ஆதலின் அவ்வாண்டுகளே அவற்றைச் சுமக்கவேண்டும்.

பிரிட்டிஷ் கம்பெனிச் சட்ட மரபிலிருந்து மற்றொரு வழக்கமும் வந்தது. குத்தகையில் 50 ஆண்டோ அதற்கு மேலோ எஞ்சியிருந்தால் நீண்டகாலக் குத்தகை. குறைந்தால் குறுகியகாலக் குத்தகை. மலேசியக் கம்பெனிகளின் ஐந்தொகைகளிலும் இப்பாகுபாடு நெடுங்காலம் காணப்பட்டது. அது வெறும் பெயர் வேறுபாடன்று. 6 விழுக்காட்டு வட்டியில், 99 ஆண்டு கழித்துக் கிடைக்கவிருக்கும் பத்து லட்சம் வெள்ளியின் இன்றைய மதிப்பு சுமார் 3,100 வெள்ளியே. 20 ஆண்டு கழித்துக் கிடைக்கவிருக்கும் அதே பத்து லட்சத்தின் இன்றைய மதிப்போ சுமார் 3,12,000 வெள்ளி. காலம் நீண்டிருக்கும்போது, குத்தகைக்காரன் ஏறத்தாழ உடைமையாளனாகவே இருக்கிறான். காலம் குறையக் குறைய, நிலத்தின் மதிப்பு அரசின் பக்கம் நகர்கிறது. எஞ்சிய ஆண்டு குறைந்த நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குவதன் காரணமும் இதுவே.

மூன்று முறை இடம் மாறிய நிலம்

நில உரிமைக்குச் சட்டம் இருந்தது; கணக்குக்கு? 1965-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும், 1967-ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டத்தால் எழுந்த மலேசியக் கணக்காளர் கழகமும் அடித்தளம் இட்டன. 1997-ஆம் ஆண்டு நிதி அறிக்கைச் சட்டத்தால் மலேசியக் கணக்கியல் தர வாரியம் தோன்றியது. அதன்பின் உலகத் தரங்களை ஒட்டியே நாட்டின் தரங்களும் அமைந்தன.

அதன் விளைவு வியப்புக்குரியது. அசையாச் சொத்தான நிலம், ஐந்தொகையில் மட்டும் 13 ஆண்டுக்குள் மூன்று முறை இடம் பெயர்ந்தது.

முதல் பெயர்ச்சி எப்.ஆர்.எஸ். 117 என்னும் தரத்தால் ஏற்பட்டது, 1.10.2006 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது பொருந்தியது. நிலத்துக்கு ஆயுள் எல்லையில்லை. குத்தகை முடிவில் அது உடைமையாளனிடமே திரும்புகிறது. ஆதலின் குத்தகைக்காரன் வைத்திருப்பது சொத்தன்று, முன்கூட்டிக் கட்டிய வாடகை என்று அத்தரம் கருதியது. எனவே குத்தகை நிலம், கட்டடமும் இயந்திரமும் நின்ற வரிசையை விட்டு, முன்கூட்டிச் செலுத்திய குத்தகைத் தொகை என்னும் தனி வரிக்குச் சென்றது.

இரண்டாவது பெயர்ச்சி 2010-இல் நிகழ்ந்தது. 99 அல்லது 999 ஆண்டுக் குத்தகையில், முடிவில் திரும்பும் பங்கின் இன்றைய மதிப்பு மிகச் சிறிது. நன்மையும் தீமையும் பெரும்பாலும் குத்தகைக்காரனையே சேர்கின்றன என்பதை உலக வாரியம் 2009-இல் ஒப்புக்கொண்டது. மேலே கண்ட 3,100 வெள்ளிக் கணக்கின் உண்மை இதுவே. நிலம் பழைய வரிசைக்கே திரும்பியது.

மூன்றாவது பெயர்ச்சி எம்.எப்.ஆர்.எஸ். 16 நடைமுறைக்கு வந்த 1.1.2019 அன்று. அதன் மூலத் தரம் 2016 ஜனவரியில் உலக வாரியத்தால் வெளியிடப்பட்டது. இத்தரத்தின்படி, குத்தகைக்கு எடுத்த பொருள் எதுவாயினும், கம்பெனி தன் ஏட்டில் இரண்டு எண்களை எழுதவேண்டும்: பொருளைப் பயன்படுத்தும் உரிமை ஒரு சொத்து, இனிக் கட்டவேண்டிய வாடகையின் இன்றைய மதிப்பு ஒரு கடன். குத்தகை நிலமும் பயன்பாட்டு உரிமைச் சொத்து என்னும் புதுப் பெயர் பெற்றது.

இம்மாற்றத்தின் காரணத்தையும் அறிதல் நன்று. அதற்கு முன், சாதாரண வாடகைக் குத்தகைகள் ஐந்தொகையில் இடம்பெறவில்லை. பின்குறிப்பில் மட்டும் காணப்பட்டன. உலக வாரியத்தின் தலைவராக இருந்த சர் டேவிட் டுவீடி, ஒரு விமானக் கம்பெனியின் ஐந்தொகையில் உண்மையாகவே இடம்பெற்ற விமானத்தில் இறப்பதற்குமுன் ஒருமுறை பறக்கவேண்டும் என்று நகைச்சுவையாகக் கூறுவதுண்டு. விமானங்கள் வானில் பறந்தன, ஏட்டில் இல்லை. தன் தரத்தைப் பயன்படுத்தும் கம்பெனிகளோடு அமெரிக்கக் கம்பெனிகளையும் சேர்த்து, பங்குச் சந்தைக் கம்பெனிகளின் குத்தகைப் பொறுப்பு 3.3 லட்சம் கோடி அமெரிக்க டாலர் என்றும், அதில் 85 விழுக்காட்டுக்கு மேல் ஐந்தொகைக்கு வெளியே இருந்தது என்றும் அவ்வாரியம் மதிப்பிட்டது.

நீட்டிப்பை எழுதும் முறை

இனி நீட்டிப்புக்கு வருவோம். பங்குச் சந்தையில் இடம்பெற்ற ஒரு கம்பெனி, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் ஒரு கடையை மூன்றாண்டுக்கு வாடகைக்கு எடுக்கிறது. மூன்றாண்டு என்பது தற்செயலானதன்று. மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையைப் பதிவு செய்யவேண்டியதில்லை என்பது தேசிய நிலச் சட்டத்தின் விதி. மூன்றும் பின்னர் மூன்றும் என ஒப்பந்தங்கள் எழுதப்படுவதன் வேர் அங்கே உள்ளது.

வாடகை ஆண்டுக்கு 72,000 வெள்ளி. ஆண்டு முடிவில் கட்டுவது. வட்டி 6 விழுக்காடு. மூன்றாண்டு வாடகையின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,92,457 வெள்ளி. அதுவே கடன், அதுவே உரிமைச் சொத்து. சொத்து ஆண்டுக்கு 64,152 வெள்ளி தேயும். இரண்டாண்டு கழிந்தபின் சொத்தில் எஞ்சுவது 64,152. கடனில் எஞ்சுவது 67,925.

அப்போது, மேலும் மூன்றாண்டு இருப்பதென்று கம்பெனி உடைமையாளருடன் புதிதாக உடன்படுகிறது. அம்மூன்றாண்டு வாடகை ஆண்டுக்கு 84,000 வெள்ளி. அன்றைய வட்டியும் 6 விழுக்காடே எனக் கொள்வோம். கூடுதல் வாடகையின் அன்றைய மதிப்பு 2,11,823 வெள்ளி. கடன் 2,79,748 ஆக உயரும். சொத்தும் அதே அளவு உயர்ந்து 2,75,975 ஆகும். எஞ்சிய நான்காண்டுக்கும் ஆண்டுக்கு சுமார் 68,994 வெள்ளி தேயும். அன்றைய நாளில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. சென்ற ஆண்டுகளின் கணக்கைத் திருத்துவதும் இல்லை. நீட்டிப்பு முன்னோக்கியே எழுதப்படும்.

இதில் நுண்ணிய வேறுபாடு ஒன்றுண்டு. முதல் ஒப்பந்தத்திலேயே நீட்டிக்கும் உரிமை கம்பெனிக்கு எழுதப்பட்டிருந்தால், முதல் நாளிலேயே அவ்வாண்டுகளையும் எண்ண வேண்டுமா? நீட்டிப்பது நியாயமான அளவு உறுதியாயின் எண்ணவேண்டும் என்பது விதி. உறுதியை வாய்ச்சொல்லால் அளப்பதில்லை, செயலால் அளப்பர். பெருந்தொகை செலவிட்டுக் கடையை அலங்கரித்தவன், மூன்றாண்டில் அதனை விட்டுப் போவான் என்று யாரும் நம்பார். 2019 நவம்பரில் உலக வாரியத்தின் விளக்கக் குழு இதனை மேலும் தெளிவாக்கியது: ஒப்பந்தத்தில் உள்ள அபராதத்தை மட்டும் நோக்காது, வெளியேறினால் ஏற்படும் பொருளிழப்பு முழுவதையும் நோக்கவேண்டும் என்றது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கும் குத்தகை என்று எழுதிவைத்து, 12 மாதத்துக்கு மேற்படாத குத்தகைக்குள்ள விலக்கைப் பெற முயலும் கணக்கு இதனால் செல்லாதாயிற்று.

எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் இவ்விதி தெளிவாக விளங்கும். பனையின் பயன்தரும் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டு. குத்தகையில் 15 ஆண்டே எஞ்சியிருக்க, ஒரு கம்பெனி முதிர்ந்த மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்கிறது. நீட்டிக்கும் உரிமை அதன் கையில் இருந்தால், அம்மறுநடவே நீட்டிப்பின் உறுதிக்குச் சாட்சி. அவ்வுரிமை இல்லையாயின், 25 ஆண்டு வாழக்கூடிய மரத்தை 15 ஆண்டிலேயே ஏட்டில் தேய்த்து முடிக்கவேண்டும்.

உரிமையா, அருளா?

இங்கே மலபாரின் பழைய கேள்வி மீண்டும் எழுகிறது. அரசிடம் பெற்ற குத்தகையை நீட்டிப்பது குத்தகைக்காரனின் உரிமையா, அரசின் அருளா? மலேசியாவில் நெடுங்காலம், எஞ்சிய காலத்தை அரசிடம் ஒப்படைத்துப் புதுக் குத்தகை பெறும் முறையே வழங்கியது. தேசிய நிலச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், காலம் முடியுமுன் நேராக நீட்டிப்புக் கேட்கும் வழியையும் சேர்த்தது. ஆயினும் கேட்பது விண்ணப்பமே. அளிப்பதும், பிரீமியத்தை வரையறுப்பதும் அரசின் முடிவு. ஆகவே, கிடைக்காத ஆண்டுகளை முன்கூட்டி எண்ணிக்கொள்ளக் கம்பெனிக்கு இடமில்லை. பிரீமியம் கட்டி, நீட்டிப்பு உறுதியான பின்னரே ஆண்டுகள் ஏட்டில் ஏறும்.

ஹாங்காங் இதற்கு நல்ல ஒப்புமை. 1984-ஆம் ஆண்டுக் கூட்டுப் பிரகடனத்தின்படி, அந்நகரின் பெரும்பாலான நிலக் குத்தகைகள் கூடுதல் பிரீமியமின்றி 2047 வரை நீண்டன. அதற்கு ஈடாக வரிமதிப்பில் 3 விழுக்காடு ஆண்டு வாடகை ஏற்பட்டது. நீட்டிப்பு அரசின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததாயின், அதனைக் கணக்கில் எண்ணலாகாது என்பதே அங்குள்ள கணக்காளர்களும் கைக்கொண்ட நிலை. நம்பிக்கை வேறு, உரிமை வேறு.

ஏட்டில் ஏறாத குத்தகை

இதுவரை கூறியவை எல்லாம் எழுத்துள்ள குத்தகைகள். கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழர் வரலாற்றிலோ, எழுத்தில்லாக் குத்தகைகளே மிகுதி.

1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. செங்கற் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ், ரயில்வே ஊழியர்களின் ஊராயிற்று. குடியிருந்தோர் தமிழரும் இலங்கைத் தமிழரும் மலையாளிகளும், நிலமோ ரயில்வேயுடையது. வேலை உள்ளவரை வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. பழைய ரயில் முற்றம் இருந்த இடத்தில் 2001-இல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டு, சுற்றிலும் கோபுரங்கள் எழுந்தன. ஊழியர் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

தோட்டங்களின் நிலையும் அதுவே. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின் விதியால், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்த தோட்டங்களில் பள்ளிகள் எழுந்தன. கட்டடத்தைத் தோட்டம் கட்டிக் கொடுத்தது, நிலமும் தோட்டத்துடையதே. பத்திரம் எழுதவேண்டும் என்று அன்று யாரும் எண்ணவில்லை. 1950-களில் ஐரோப்பியத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றனர். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர் கசப்புடன் நினைவு கூரும் காலம் அது. அதனைக் கண்டே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளரிடம் சிறுசிறு தொகையாகப் பங்குப் பணம் திரட்டினார். பிறர் நிலத்தில் குடியிருப்பவன், தன் பெயரில் பட்டா உள்ள நிலத்துக்குப் பங்குதாரன் ஆகவேண்டும் என்பதே அதன் கருத்து. நில உரிமையின் பாடத்தைக் கணக்கேட்டிலிருந்து படித்து, செயலில் காட்டிய முயற்சி அது எனின் மிகையாகாது.

பின்னர் நகரம் விரிந்தது. ரப்பரும் பனையும் நின்ற இடங்களில் வீடமைப்புகள் எழுந்தன. கம்பெனி நிலத்தில் நின்ற பள்ளிகள் இடம் பெயரவேண்டிய நிலை பல ஊர்களில் ஏற்பட்டது. நிலத்தை விற்ற கம்பெனியின் ஏட்டில், விற்பனை இலாபம் ஒரு வரியாக ஏறியது. அறுபது எழுபது ஆண்டு அங்கே ஒலித்த பிள்ளைகளின் குரலுக்கு வரி ஏதும் இல்லை. இதில் கணக்கர் மேல் குற்றமில்லை. ஏடு எழுத்தில் உள்ள உரிமையையும் கடமையையும் மட்டுமே அறியும். வாய்மொழி அனுமதி உரிமையுமன்று, கடமையுமன்று.

ஆனால் சட்டம் வழியே காட்டவில்லை என்பதற்கில்லை. தேசிய நிலச் சட்டப்படி, பட்டாதாரர் தம் நிலம் முழுவதையும் 99 ஆண்டு வரை குத்தகைக்கு விடலாம். நிலத்தின் ஒரு பகுதியை 30 ஆண்டு வரை விடலாம். அது பதிவேட்டில் ஏறிவிட்டால், நிலம் யார் கைக்கு மாறினாலும் குத்தகை அவரையும் கட்டும். மூன்றாண்டுக்குட்பட்ட வாடகையும், பட்டாவில் குறிப்பெழுதப்பட்டால் வாங்குபவரைக் கட்டும். டாரன்ஸ் வகுத்த முறையின் வலிமையும் இதுவே; அதன் கடுமையும் இதுவே. பள்ளிக்கோ கோயிலுக்கோ இரண்டு ஏக்கரை 30 ஆண்டுக்குப் பதிந்து கொடுத்த தோட்டத்தை விற்கும்போது, அக்குத்தகை விலைபேச்சில் இடம்பெறும். வாங்குபவரின் கணக்கிலும் இடம்பெறும். பதியாத நல்லெண்ணமோ, நல்லெண்ணம் கொண்ட துரை மாற்றலாகிப் போன அன்றே மறைந்துவிடும்.

எனவே, பள்ளி வாரியத்தாரும் ஆலயக் குழுவினரும் முதலில் காணவேண்டியது நில அலுவலகப் பதிவேடு. நிலம் யார் பெயரில் உள்ளது? நிரந்தரப் பட்டாவா, குத்தகையா? எத்தனை ஆண்டு எஞ்சியுள்ளது? தங்கள் இருப்பு அதில் பதியப்பட்டுள்ளதா? அடுத்துக் காணவேண்டியது, பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியாயின், அதன் ஆண்டறிக்கையின் பின்பகுதியில் வரும் சொத்துப் பட்டியல். நிலத்தின் இடம், பயன், உரிமை வகை, குத்தகை முடியும் ஆண்டு, ஏட்டு மதிப்பு ஆகியவை அதில் வரிசையாக இருக்கும். குத்தகை முடிவு நெருங்கிய நிலத்துக்கு நீட்டிப்புப் பெற்றிருந்தால், ஆண்டும் மதிப்பும் உயர்ந்திருப்பதைக் காணலாம். பெறாதிருந்தால், எண் ஆண்டுதோறும் சுருங்கிக்கொண்டே வரும். மாஞ்சோலையின் 2028 எவரும் அறியாத மறைபொருளாக இருந்ததில்லை. பத்திரத்தில் 1929 முதல் எழுதப்பட்டிருந்த ஆண்டு அது.

மண் தேய்வதில்லை. அதன்மேல் எழுதிய காலமே தேய்கிறது. எழுதப்பட்ட காலத்தை நீட்டிக்க விண்ணப்பிக்கலாம்; பிரீமியம் கட்டலாம்; வழக்காடலாம். எழுதப்படாத காலத்தை நீட்டிக்க வழியே இல்லை.